சூனியம்னா பயமா? அதுக்குத் தமிழ்ல 'சார்பு'ன்னு ஒரு பேர் இருக்கு!

தருமபுரி பக்கம் யார்கிட்டயாவது "நான் சூனியத்தைப் பத்திப் படிச்சிட்டு இருக்கேன்"னு சொல்லிப் பாருங்கள். "யாருக்கு வைக்கப் போற?" என்றுதான் முதல் கேள்வி வரும். முச்சந்தியில் கிடக்கும் எலுமிச்சம்பழம், வாசலில் யாரோ புதைத்த முட்டை, கையில் கட்டிய கறுப்புக் கயிறு... அந்த வார்த்தைக்கு நம்ம ஊரில் இருக்கிற முகம் அது.

இன்னொரு முகம் பள்ளிக்கூடத்தில் அறிமுகமாவது. "கணக்குல நீ சுத்த சூனியம்!" இதைக் கேட்காமல் பத்தாவது தாண்டியவர்கள் குறைவு.

மூன்றாவது முகம் சமீபத்தியது, போனில் வந்தது. கண் மூடிய புத்தர் சிலை, பின்னணியில் புல்லாங்குழல், மேலே "எல்லாம் வெறுமை... எதுவும் உன்னுடையது இல்லை... விட்டுவிடு" என்று ஓடும் எழுத்து. பிரேக்-அப் ஆன ராத்திரி ஒரு மணிக்கு இதைப் பார்க்கிற பையனுக்கு என்ன தோன்றும்? 'அப்போ நான் வாழ்றதுக்கும் அர்த்தம் இல்லையா?'

மூன்றுக்கும் பௌத்தம் சொல்கிற சூன்யதைக்கும் சம்பந்தமே இல்லை. முதல் இரண்டும் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. மூன்றாவது அப்படி விட்டுவிடக்கூடியதில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

'காலி'ன்னா எது காலி?

'சூன்ய' என்பது வடசொல், பாலியில் 'சுஞ்ஞ'. காலியானது என்று பொருள். இதே சொல்லின் பொருளைத்தான் அரபியில் 'சிஃபர்' என்று மொழிபெயர்த்தார்கள், அந்த அரபுச் சொல் ஐரோப்பா போய் 'ஜீரோ'வாகத் திரும்பி வந்தது. ஆனால் தத்துவத்தில் இது எண் கிடையாது.

"குடம் காலி" என்று அம்மா சொன்னால், குடமே இல்லை என்றா அர்த்தம்? குடம் இருக்கிறது, தண்ணி இல்லை. 'காலி' என்று சொன்னால் 'எது காலி, எது இல்லாமல் காலி' என்று இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ரீல்ஸ் தத்துவவாதிகள் கேட்க மறக்கிற இடம் இதுதான்.

பாலி நூல்களில் ஆனந்தர் புத்தரிடம் நேராகவே இதைக் கேட்கிறார்: உலகம் சூனியம் என்கிறார்களே, எந்த அர்த்தத்தில்? 'தான்' என்பதும், 'தனக்குச் சொந்தமானது' என்பதும் அதில் இல்லாததால்தான் அப்படிச் சொல்கிறோம் என்பது புத்தர் தந்த விளக்கத்தின் சாரம். உலகம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. உலகத்துக்குள் நாம் இருப்பதாக நினைத்துக்கொள்கிற ஒன்று இல்லை என்கிறார்.

சுமார் கி.பி. 2-ம் நூற்றாண்டில் வந்த நாகார்ஜுனர் இதை இன்னும் அகலப்படுத்தினார். 'மூலமத்யமககாரிகை' என்ற அவருடைய நூலில் 27 அதிகாரங்கள். நெருப்பு, நேரம், நடப்பது, துன்பம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, 'இது தன் சொந்தக் காலில், வேறு எதையும் சாராமல் இருக்கிறதா?' என்று தோண்டிக்கொண்டே போவார். எங்கேயும் அப்படி ஒன்று சிக்காது. அந்தச் 'சொந்தக் கால்' இல்லாமைக்குப் பெயர்தான் சூன்யதை. 24-வது அதிகாரத்தில் முடிச்சை அவிழ்க்கிறார்: எது சார்ந்து தோன்றுகிறதோ, அதைத்தான் நாங்கள் சூனியம் என்கிறோம்.

சார்ந்து தோன்றுவது. இதற்குத் தமிழில் ரொம்ப நாளாகவே ஒரு சொல் இருக்கிறது. மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பன்னிரண்டு 'சார்பு'களைச் சொல்லிக்கொடுக்கிறார். ஒன்று இருந்தால் அதைச் சார்ந்து அடுத்தது வரும். அது இல்லாவிட்டால் இதுவும் இல்லை. 'சூனியம்' என்று சொல்லிப் பயமுறுத்துவதைவிட 'சார்பு' என்று சொன்னால் பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும் என்பது என் கட்சி.

ஒரு டம்ளர் தண்ணி

தருமபுரி மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்த ஒரு தலைமுறையே இருக்கிறது. அதற்காக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் திறக்கப்பட்டது.

இப்போது உங்கள் வீட்டுக் குழாயில் பிடித்த ஒரு டம்ளர் ஒகேனக்கல் தண்ணியை எடுங்கள். அதற்குள் குடகு மலையில் பெய்த மழை இருக்கிறது. ஜப்பான்காரர்களின் வரிப் பணம் இருக்கிறது. மோட்டாரை ஓட்டும் கரன்ட், காலையில் வால்வு திறக்கிற ஊழியர், கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் உறைந்து இன்றும் ஃப்ளோரைடு கசியவிடும் பாறை, அந்தக் கறைப் பல்லைக் காட்டி மனு கொடுத்த ஜனங்கள், எல்லாம் இருக்கிறது. இதில் ஒன்றை உருவினாலும் இந்த டம்ளரில் இந்தத் தண்ணி கிடையாது. இதையெல்லாம் கழித்துவிட்டு 'சுத்தமான, தனியான தண்ணித்தன்மை' என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினால் கிடைக்காது.

ஆனால் குடித்தால் தாகம் அடங்குகிறது! அதுதான் விஷயம். சார்ந்து இருப்பதால்தான் அது வேலை செய்கிறது. வேறு எதையும் சாராமல், மாறாமல், தானாகவே நிற்கிற ஒரு தண்ணி இருந்தால் அது குழாயில் ஓடாது, தொண்டையில் இறங்காது, கொதிக்காது, உறையாது. சூனியமாக இருப்பதுதான் அதன் உயிர்ப்பு.

அம்பேத்கரும் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இந்தப் பக்கத்தைத்தான் பிடிக்கிறார். சூன்யதை என்றால் எதுவுமே இல்லை என்ற வாதம் கிடையாது, இடைவிடாத மாற்றம், அந்த மாற்றம் இல்லாவிட்டால் எந்த உயிரும் வளராது என்ற கோணம் அவருடையது.

டிவிஎஸ்-50க்குள் டிவிஎஸ்-50 எங்கே?

திபெத்திய ஆசிரியர்கள் சார்பை மூன்று படியாகச் சொல்லித் தருவார்கள். காரணங்களைச் சார்ந்தது, பாகங்களைச் சார்ந்தது, பெயர் வைக்கிற மனசைச் சார்ந்தது. முதல் படி தண்ணியில் பார்த்தாச்சு.

இரண்டாவது படிக்குப் பழைய உதாரணம் தேர். கிரேக்க அரசன் மிலிந்தனிடம் நாகசேனர் என்ற பிக்கு, "நீங்கள் வந்த தேர் எது? அச்சா, சக்கரமா, நுகத்தடியா?" என்று கேட்டுத் திணறடித்த கதை. நமக்குத் தேர் எதற்கு? 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ்-50 இருக்கிறதே. (அப்போது ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல்.)

தாத்தாவின் பழைய வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டயர் மாற்றியாச்சு, சீட் மாற்றியாச்சு, செயின், கார்புரேட்டர், ஹேண்டில்பார் எல்லாம் மாற்றியாச்சு. "இது தாத்தா வண்டி"ன்னு இன்னும் சொல்கிறோம். டயர்தான் வண்டியா? இல்லை. இன்ஜின் மட்டும் தரையில் கிடந்தால் அதை வண்டி என்போமா? மாட்டோம். எல்லாப் பாகத்தையும் ஒரு கோணிப்பையில் போட்டுக் கட்டினால்? அப்போதும் இல்லை. சரி, பாகங்களையெல்லாம் எடுத்துவிட்டால் தனியாக வண்டி எங்கேயாவது நிற்குமா? அதுவும் இல்லை. பாகங்கள் ஒரு விதமாகச் சேர்ந்து ஓடும்போது நாம் 'வண்டி' என்று கூப்பிடுகிறோம். அந்தக் கூப்பிடல்தான் மூன்றாவது படி.

ஒரே கல், இரண்டு பெயர்

மூன்றாவது படிக்குத் தருமபுரியிலிருந்து சேலம் பஸ் ஏறினால் போதும். சேலம் பெரியேரியில், கோட்டை சாலையில் தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறது. பல காலமாக மக்கள் முனியப்பனாகக் கும்பிட்ட சிலை. 'இது புத்தர் சிலை' என்று 2011-ல் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையை ஆய்வு செய்யச் சொன்னது. தாமரைப் பீடம், தியான முத்திரையில் கைகள், சுருள் முடி, உச்சியில் முடிச்சு, நீண்ட காதுமடல் என்று புத்தர் சிலைக்கான லட்சணங்கள் இருப்பதாக அறிக்கை வந்தது. உடைந்த தலையைப் பிற்காலத்தில் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அது புத்தர் சிலைதான், முனியப்பனாகத் தொடர்ந்து நடத்த முடியாது, தொல்லியல் துறை பொறுப்பேற்கட்டும் என்று தீர்ப்பளித்தது.

சூன்யதை படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கல்லைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே 'முனியப்பன்' கிடையாது. 'புத்தர்' என்ற பொருளும் கிடையாது. உள்ளே இருப்பது கல். யார் செதுக்கினார்கள், எதற்காக, யார் கும்பிட்டார்கள் என்பதை வைத்துத்தான் பெயர் நிற்கிறது.

"அப்படின்னா எந்தப் பேரு வேணா வைக்கலாமா? எல்லாமே கற்பனைதானா?" நல்ல கேள்வி. கூடாது. நீதிமன்றம் ஆதாரம் கேட்டது பாருங்கள்! காது, முடி, பீடம், கை வைத்த விதம். பெயர் மனசைச் சார்ந்தது என்றாலும் சரியான பெயர், தப்பான பெயர் என்ற வித்தியாசம் உண்டு. நாகார்ஜுனர் இதற்கு 'இரண்டு உண்மைகள்' என்பார். ஒன்று உலக வழக்கு உண்மை: பஸ் வருது, ஒதுங்கு. இன்னொன்று இறுதி உண்மை: பஸ்ஸுக்குச் சொந்தமாக ஒரு பஸ்தன்மை கிடையாது. இரண்டாவதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் முதலாவதை மறந்துவிட்டு நடுரோட்டில் நின்றால், அடிபடப்போவது நீங்கள்தான்.

இந்த இரண்டு உண்மை எங்கே வலிக்க வலிக்கப் பொருந்துகிறது என்றால், சாதியில். சாதிக்கென்று ரத்தத்தில் ஒரு சாரம் கிடையாது; எந்த லேபிலும் கண்டுபிடிக்க முடியாது. அம்பேத்கரும் 1936-லேயே 'சாதி ஒழிப்பு' உரையில் அதை ஒரு மனநிலையாகத்தான் பார்த்தார். அதே நேரம், 2012 நவம்பர் 7 அன்று ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து இதே தருமபுரியில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் எரிக்கப்பட்டன. சாரமே இல்லாத ஒரு பெயர் சுமந்து வந்த தீ அது. "சாதி சூனியம், அதனால சாதியைப் பத்திப் பேசாதே" என்று யாராவது சொன்னால், அவர் சூன்யதையைப் படிக்கவில்லை. 'சார்ந்து நிற்கிறது, எனவே எதைச் சார்ந்து நிற்கிறதோ அதை எடுத்தால் விழும்' என்பதுதான் அதன் கணக்கு. 1898-ல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய அயோத்திதாசர் பண்டிதரும், அவரோடு நின்ற கோலார் தங்கவயல் தொழிலாளர்களும் பௌத்தத்தைத் தேடிப் போனதற்குச் சாதி காரணமாக இருந்தது தற்செயல் கிடையாது.

இது நமக்கு வெளியூர்ச் சரக்கா?

சூன்யதை என்றாலே திபெத், ஜப்பான் என்று நினைக்கிறோம். வரலாறு வேறு மாதிரி. திபெத்திய மரபுப்படி, பௌத்தத் தர்க்கத்தின் தந்தையான திக்நாகர் காஞ்சிக்குப் பக்கத்துக்காரர். நாகார்ஜுனருக்கு உரை எழுதிய புத்தபாலிதர், சந்திரகீர்த்தி இருவரையும் அந்த மரபு தென்னாட்டவர்கள் என்றே சொல்கிறது. 7-ம் நூற்றாண்டில் வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங், நாலந்தாவின் தலைவராக இருந்த தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு என்ன ஆனது? தமிழ்நாட்டில் பௌத்தம் தேய்ந்தது, நூல்கள் அழிந்தன. குண்டலகேசியில் கொஞ்சம் பாடல்கள்தான் மிச்சம். வேடிக்கை என்னவென்றால், சூன்யதை பேசிய மாத்தியமிகர்களின் பெயர் தமிழில் பத்திரமாக இருப்பது அவர்களை மறுத்தவர்களின் புத்தகத்தில். 13-ம் நூற்றாண்டுச் சைவ ஆசிரியர் அருணந்தி சிவாச்சாரியார் தன் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் நான்கு வகைப் பௌத்தர்களை வரிசையாக நிறுத்தி மறுக்கிறார். அதில் மாத்தியமிகரும் உண்டு. எதிராளி வாயால் கேட்டுக் கேட்டுத்தான் 'சூனியம்' என்றால் 'ஒண்ணுமில்லை' என்ற அர்த்தம் நம்மிடம் ஊறிப்போனதோ என்று எனக்கொரு சந்தேகம்.

தருமபுரிக்கும் ஒரு சின்ன நூல் இழை இருக்கிறது. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ உதவி ஏற்பாடு செய்ததைச் சொல்லும் அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, எல்லைக்கு அப்பால் உள்ள சோழர், பாண்டியரோடு 'சதியபுதோ' என்று ஒருவரையும் குறிப்பிடும். யார் அது என்று அறிஞர்கள் ரொம்ப நாள் சண்டை போட்டார்கள். 1981-ல் ஜம்பையில் கண்டுபிடித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் 'ஸதியபுதோ' என்ற பட்டத்தோடு அதியமான் நெடுமான் அஞ்சி பெயர் இருந்தது. தகடூர் அதியமான், அதாவது இன்றைய தருமபுரி! அசோகரின் பட்டியலில் நம்ம ஊர் இருந்திருக்கிறது.

எப்படிப் படிக்கலாம்?

நேரடியாக நாகார்ஜுனரைத் திறக்காதீர்கள், தலை சுற்றும். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' (1940) நல்ல வாசல். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். அடுத்து மணிமேகலையின் கடைசி இரண்டு காதைகள், உரையோடு. 1898-ல் மணிமேகலையைப் பதிப்பித்த உ.வே.சா., அதைப் புரிந்துகொள்வதற்காகவே பௌத்தம் பற்றித் தனியாகப் படித்து எழுதினார் என்றால், நாமும் உரை வைத்துப் படிப்பதில் வெட்கமில்லை. அப்புறம் அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்', பெரியார்தாசன் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது.

படிக்கும்போது ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். படித்ததும் 'எதுவுமே முக்கியமில்லை' என்று தோன்றினால் தப்பாகப் படிக்கிறீர்கள். 'எல்லாமே ஒன்றோடு ஒன்று கோத்திருக்கிறதே, நான் செய்கிற சின்ன விஷயமும் எங்கோ போய்ச் சேருமே' என்று தோன்றினால் பாதை சரி.

7-ம் நூற்றாண்டுச் சந்திரகீர்த்தி இதற்கு ஒரு ஜோக்கே சொல்லியிருக்கிறார். நம்ம ஊர் பெட்டிக்கடைக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும்:

"அண்ணே, என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல தம்பி, எல்லாம் தீர்ந்துபோச்சு."

"சரிண்ணே, அந்த ஒண்ணுமில்லைல ஒரு ரெண்டு குடுங்க."

சூன்யதையையே ஒரு பொருளாக்கிக் கையில் பிடித்துக்கொள்கிறவர்கள் இந்தத் தம்பி மாதிரிதான்.

எப்படித் தியானிக்கலாம்?

இரண்டு வழி சொல்கிறேன். எதுவாக இருந்தாலும் முதலில் பத்து நிமிடம் சும்மா மூச்சைக் கவனித்து மனசு கொஞ்சம் அடங்கட்டும். கலங்கின தண்ணியில் அடி தெரியாது.

முதல் வழி புத்தர் ஆனந்தருக்குச் சொன்ன 'சிறு சூன்யதை' உரையிலிருந்து வருவது. மிக எளிமை. சாவத்தி நகரத்துக்கு வெளியே ஒரு மாளிகையில் தங்கியிருக்கும்போது சொல்கிறார்: இந்த மாளிகையில் யானை இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை, பொன் இல்லை; அவை விஷயத்தில் இது காலி. ஆனால் பிக்குகள் இருக்கிறார்கள். அந்த விஷயத்தில் காலி இல்லை. அவ்வளவுதான். இல்லாததை இல்லை என்று பார்ப்பது, மிச்சம் இருப்பதை இருக்கிறது என்று பார்ப்பது. பிறகு ஊர் பற்றிய நினைப்பை விட்டுக் காட்டுக்கு, காட்டை விட்டு வெறும் நிலத்துக்கு, அங்கிருந்து வெளிக்கு என்று மனசு படிப்படியாக நகரும்.

நீங்கள் ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்யலாம். இந்த நிமிடம் ஆபீஸ் இங்கே இல்லை. மேனேஜர் இங்கே இல்லை. இஎம்ஐ தேதி இங்கே இல்லை. இருப்பது தரையின் சூடு, தூரத்தில் சேலம் பைபாஸ் லாரிச் சத்தம், மூச்சு. 'இல்லை' என்று சொல்லும்போதே தோளில் ஏதோ இறங்குவது தெரியும். ஆனால் மிச்சம் இருப்பதை மறுக்கக் கூடாது. வயிறு பசித்தால் பசி இருக்கிறது.

இரண்டாவது வழி கொஞ்சம் காரம். திபெத்தின் கெலுக் மரபில் சொல்லித் தருவது: 'நான்' எங்கே என்று தேடுவது. இதற்கு முதலில் அந்த 'நான்' நன்றாகத் தலை தூக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், எல்லார் முன்னாலும் சித்தப்பா, "இவன் வேலைக்குப் போகாம ஊர் சுத்துறான்" என்று போட்ட மெசேஜை நினைத்துக்கொள்ளுங்கள். குப்பென்று சூடு ஏறும். "நானா? என்னையா?" அந்த 'என்னை' பாருங்கள், எவ்வளவு கெட்டியாக, தனியாக, பாறை மாதிரி நிற்கிறது! அதைத் துரத்தாதீர்கள், ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இப்போது தேடுங்கள். அவ்வளவு கெட்டியாக இருந்தால், ஒன்று உடம்பு-மனசோடு அது ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது அவற்றிலிருந்து வேறாக இருக்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது. அவமானப்பட்டது காலா? முதுகா? மூளை என்கிற சதையா? நேற்றைய கோபமா, இன்றைய கோபமா? நிமிடத்துக்கு நூறு எண்ணம் வருகிறதே, அதில் எது 'நான்'? சரி, இவை எதுவுமே இல்லாமல் தனியாக நிற்கிறதா? உடம்பையும் எண்ணங்களையும் கழித்துவிட்டால் சித்தப்பா திட்ட ஆள் யார்?

டிவிஎஸ்-50 கதைதான். தேடத் தேட அந்தப் பாறை கிடைக்காது. 'கிடைக்கவில்லை' என்பது பளிச்சென்று படும் ஒரு நொடி வரும். அங்கே சும்மா இருங்கள். அது மங்கினால் மறுபடி தேடுங்கள். ஆரம்பத்தில் மொத்தமே இருபது நிமிடம் போதும்.

எழுந்த பிறகுதான் முக்கியமான வேலை. சித்தப்பா மெசேஜ் அங்கேதான் இருக்கும். நீங்கள் வேலை தேட வேண்டியதும் இருக்கும். ஆனால் குத்துப்பட ஒரு பாறை இல்லாததால், பதில் கொஞ்சம் நிதானமாக வரும். சித்தப்பாவும் பாறை கிடையாது, அவர் பயம், அவர் வளர்ந்த விதம், அவர் கடன் எல்லாம் சேர்ந்து பேசியது அது என்பதும் தெரியலாம். கருணை இல்லாத சூன்யதை அரைவேக்காடு என்று மகாயானம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பகல் முழுக்கச் செய்ய ஒரு குட்டிப் பயிற்சியும் உண்டு. மணிமேகலையின் சார்புகளில் நடு ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போன் 'டிங்' என்கிறது. காது என்ற வாயில் திறந்திருக்கிறது. சத்தம் வந்து தொடுகிறது, அது ஊறு. 'யாரோ லைக் போட்டிருக்காங்க' என்று ஒரு இனிப்பு, அது நுகர்வு. எடுத்துப் பார்க்கணும் என்ற துடிப்பு, வேட்கை. எடுத்து ஒரு மணி நேரம் விடாமல் உருட்டுவது, பற்று. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் ஒரு மூச்சு அளவு இடைவெளி இருக்கிறது. அதைக் கண்டுபிடியுங்கள். சங்கிலி அறுவது அங்கேதான்.

பாம்பைப் பிடிக்கிற மாதிரி

தப்பாகப் புரிந்துகொண்ட சூன்யதை, தப்பாகப் பிடித்த பாம்பு மாதிரி, தப்பாகப் போட்ட மந்திரம் மாதிரி, செய்தவனையே அழித்துவிடும் என்று நாகார்ஜுனரே எச்சரித்திருக்கிறார். (சூனியம் வைப்பவர்கள் கவனிக்கவும்!) தயாராகாதவர்களுக்குச் சூன்யதையைப் போதிப்பது போதிசத்துவ விரதத்தை முறிக்கும் பெருங்குற்றங்களில் ஒன்றாகவே பழைய நூல்களில் இருக்கிறது. அவர்கள் ரீல்ஸ் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

அதனால் தெளிவாகச் சொல்கிறேன். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, உள்ளே எல்லாம் செத்துப்போன மாதிரி ஒரு வெறுமை. இது சூன்யதை கிடையாது, ஞானத்தின் அறிகுறியும் கிடையாது. மன அழுத்த நோயாக இருக்கலாம். சூன்யதை புரிந்தவருக்கு உலகம் நெருக்கமாகும். இந்த வெறுமை உலகத்தைக் கண்ணாடிக்கு அப்பால் தள்ளிவிடும். இந்த நிலையில் 'நான் எங்கே' என்ற தேடல் தியானம் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 104, நாடு முழுக்க 'டெலி மானஸ்' 14416, இரண்டும் இலவச எண்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போகலாம். தியானத்தின்போது உடம்பு தன்னுடையது இல்லை என்பது போல பயமாக இருந்தால் உடனே நிறுத்திவிட்டு, எழுந்து முகம் கழுவி, யாரிடமாவது பேசுங்கள். சரியாகி, ஒரு ஆசிரியர் கிடைத்த பிறகு தொடரலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

யாரிடம் போவது?

கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பெருமாள்மலையில் 'போதி ஜென்டோ' இருக்கிறது. ஜப்பானில் யமடா கோஉன் என்ற ஜென் குருவிடம் பயின்ற தமிழ் இயேசு சபைப் பாதிரியார் ஆமா சாமி, 1996-ல் தொடங்கியது. பாதிரியார் நடத்துகிற ஜென் கூடமா என்று புருவம் உயரலாம். மதத்துக்கும் சொந்தச் சாரம் கிடையாதுதானே! அங்கே பேச்சு குறைவு, உட்காருவது அதிகம். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பத்து நாள் விபாசனா முகாமைப் பலரும் கேட்பீர்கள். சென்னை திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அங்கே அழுத்தம் தருவது நிலையாமைக்கு. நாகார்ஜுனர் பாணி ஆய்வு எதிர்பார்க்காதீர்கள். மனசை உட்கார வைக்கக் கற்றுக்கொள்ள நல்ல இடம்.

படிப்பாகவே வேண்டும் என்றால் கர்நாடகம்தான். கூர்க் டிரிப்பில் எல்லாரும் செல்ஃபி எடுக்கும் பைலகுப்பே தங்கக் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் சேரா மடாலயம். அங்கே துறவிகள் பதினைந்து, இருபது வருடம் படிக்கிறார்கள். சந்திரகீர்த்தியின் நூல் கட்டாயப் பாடம். முற்றத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் நின்றபடி கையைத் தட்டி, காலை உதைத்துக் கேள்வி கேட்பார். சண்டை போடுவதாக நினைத்துவிடாதீர்கள். காஞ்சிப் பக்கத்துத் திக்நாகர் போட்ட பாதையில் வந்த தர்க்கம்தான் அங்கே திபெத்திய மொழியில் நடக்கிறது.

தருமபுரிக்காரர்களுக்கு இன்னும் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது. காவிரிக்கு அந்தக் கரையில், மாதேஸ்வரன் மலைக் காடுகளுக்கு அந்தப் பக்கம், சாமராஜநகர் மாவட்டத்து ஒடேயர்பாளையாவில் 1970-களில் இருந்து திபெத்தியக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே ட்ஸோக்சென் மடாலயமும் உண்டு. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம், ஆசனூர் வழியாகக் கொள்ளேகால் போகும் சாலையில் வரும். திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மடாலயத்துக்குள் படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். விவாதம் நடந்துகொண்டிருந்தால் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். போனை மட்டும் சைலன்ட்ல போட்டுடுங்க.